அப்பப்பாவின் தூண்டில் தடி: சைக்கிள் கம்பி வளையத்தைக் கழற்றவா, விடவா?

உப்புவெளிப் பேரன் | வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன கிழமை கூரை ஓடு மாற்ற ஆட்கள் வந்தபோது, முகட்டு வளையில் சாக்கால் சுற்றிக் கட்டிய ஒரு நீளப் பொதி கிடைத்தது. பிரித்தால் அப்பப்பாவின் தூண்டில் தடி. சின்ன வயதில் கதையாகக் கேட்டதுதான், கண்ணால் கண்டதில்லை. அவர் திருகோணமலை டொக்யார்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது, ஓர் அதிகாரி போகிற போக்கில் கொடுத்த தடி என்று வீட்டில் சொல்வார்கள். யுத்த காலத்தில் கரையில் போய் நிற்பதே பெரும்பாடு என்றான பிறகு யாரோ மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து கீழே இருந்ததெல்லாம் போனது. இது வளையில் இருந்ததால் தப்பியது.

தடி இரண்டு துண்டு. சேர்த்தால் ஒன்பது அடி வரும். பிரம்பு என்று நினைக்கிறேன், ஆனால் உருண்டையாக இல்லை, பென்சில் மாதிரி ஆறு பட்டை. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் உலோகக் குழாய், அதில் பச்சைக் களிம்பு. கைப்பிடித் தக்கையில் பூச்சி அரித்த ஓட்டைகள். நுனித் துண்டு ஒரு பக்கமாக வளைந்து கிடக்கிறது. தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) ஓடும் வளையங்களில் இரண்டு இல்லை. ஒன்று மட்டும் மற்றவை போல இல்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து, செப்புக் கம்பியால் சுற்றி இறுக்கியிருக்கிறது. பார்க்கவே அசிங்கம்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. புதிது போலச் செய்து கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. தின்னர், சாண்ட் பேப்பர், வார்னிஷ் எல்லாம் வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? அந்தக் கம்பி வளையத்தைக் கழற்றி எறியலாம்தானே?

சீனக்குடா காஸ்டர் | வெள்ளி, இரவு 9.40

செம அண்ணை! படம் பார்த்தேன். பழைய வார்னிஷை தின்னர் போட்டுத் துடைத்து, சாண்ட் பேப்பரால் நன்றாக மழித்து எடுங்கள். வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஃபூஜி வளையம் ஒரு செட் போடுங்கள். மேலே இரண்டு கை எப்பொக்சி. ஒரு சனி ஞாயிறில் முடியும் வேலை. ஸ்போக் கம்பி கட்டாயம் குப்பைக்கு. அது தங்கூசியை அறுக்கும்.

தேம்ஸ் கரை | வெள்ளி, இரவு 11.05

தம்பி, சாண்ட் பேப்பரைக் கீழே வை. முழுவதும் வாசித்துவிட்டு எடு.

நான் திருமலையை விட்டு வந்து முப்பது வருடம். இங்கே பழைய தடிகளைத் திருத்துவது எனக்கு ஓய்வு நேர வேலை, பைத்தியம் என்றும் சொல்லலாம். உன் கையில் இருப்பது பிரம்பு இல்லை, மூங்கில். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் முக்கோணமாகச் சீவி, ஆறு கீற்றையும் சேர்த்து ஒட்டியது. அந்த ஆறு பட்டை அப்படி வந்ததுதான். இதற்கென்றே தென் சீனாவின் குவாங்தொங் பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் வரும், டொன்கின் என்று பெயர். 1950இல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குத் தடை போட்டதும் அந்த நாட்டுத் தடிக்காரர்களுக்கு மூங்கில் வரத்து நின்றுபோனது. கண்ணாடி நார்த் தடி அவ்வளவு வேகமாகச் சந்தையைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது சாண்ட் பேப்பர் விஷயம். மூங்கிலின் பலமான நாரெல்லாம் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே போகப் போகச் சோற்றி. தோல் வெளியே பார்க்கும்படி ஆறு கீற்றையும் வைத்து ஒட்டுவது அதற்குத்தான். மழித்து எடுத்தால் முதலில் போவது பலம். பழைய வார்னிஷை எடுக்க வேண்டுமென்றால் மழுங்கிய கத்தி முதுகை நிறுத்திப் பிடித்து, நீளவாக்கில் மெல்லச் சுரண்டு. காய்ந்த வார்னிஷ் தவிடு தவிடாகப் பறக்கும். மூங்கில் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடு.

தின்னரும் வேண்டாம். கைப்பிடிக்கு மேலே மூங்கிலில் மையால் எழுதிய பெயர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார். இங்கிலாந்துத் தடிகளில் செய்தவர் பெயரை அந்த இடத்தில்தான் எழுதுவார்கள். 1872இல் அல்னிக் என்ற ஊரில் தொடங்கிய ஹார்டி கம்பனித் தடி என்றால் எழுத்து நிச்சயம் இருந்திருக்கும். தின்னர் பட்டால் அந்த மை ஒரே துடைப்பில் போய்விடும்.

இன்னொன்று. நுனித் துண்டைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல வளைத்துப் பார். எங்கேயாவது டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? பிறகு இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிவது போல மிக மெல்ல முறுக்கிப் பார். பட்டைகளுக்கு இடையே கோடு பிரிகிறதா? அந்தக் காலத்துத் தடிகள் பல வச்சிரம் போட்டு ஒட்டியவை, நம் பழைய தச்சர்கள் காய்ச்சிப் பூசிய அதே மாட்டுத்தோல் வச்சிரம். ஈரமும் சூடும் பட்டால் அது இளகும். உங்கள் வீட்டு ஓட்டுக்கூரைக்குக் கீழே அத்தனை வருடம் வெக்கையிலும் மாரி ஈரத்திலும் கிடந்த தடி ஒட்டு விடாமல் இருந்தால் அதிசயம்.

கிண்ணியா நானா | சனி, காலை 6.02

ஆளாளுக்குத் தடியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். கிண்ணியாத் துறையில் பாதைப் படகு ஓடிய காலத்தில், அதாவது 2009இல் பாலம் திறப்பதற்கு முன், பாதைக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே கையில் தங்கூசியும் ஒரு ஈயக்குண்டும் வைத்து வீட்டுக் கறிக்குப் பிடித்தவர்கள் நாங்கள். தடியும் கிடையாது, வார்னிஷும் கிடையாது.

இருந்தாலும் தம்பி, அந்த ஸ்போக் வளையத்தைக் கழற்றாதே. யாரோ வேலை தெரிந்த ஆள் செய்திருக்கிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார். செப்புக் கம்பி ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இருக்கிறது.

உப்புவெளிப் பேரன் | சனி, பிற்பகல் 2.30

தேம்ஸ் அண்ணை, உங்கள் பதிவைப் பார்க்க முன்னமே கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் அளவு தேய்த்துவிட்டேன். எழுத்து இருந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. மங்கலாக ஓர் எண் மட்டும் தெரிகிறது. உண்மையைச் சொன்னால் வயிறு எரிகிறது.

வளைத்துப் பார்த்தேன். அடித்துண்டு சத்தம் இல்லை. நுனித்துண்டில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே டிக் என்று கேட்கிறது. முறுக்கும்போது அந்த இடத்தில் ஒரு கோடு, இரண்டங்குல நீளம், மயிரிழை அளவுக்குத் திறந்து மூடுகிறது. அடித்துண்டில் இன்னொன்றும் பார்த்தேன். அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சின்னச் சின்ன நூல் கட்டுகள். வளையம் இல்லாத இடத்தில் எதற்குக் கட்டு?

தேம்ஸ் கரை | சனி, மாலை 5.48

தேய்த்தது போகட்டும். கைப்பிடிப் பக்கம் தடி தடிப்பு, வளைவதும் குறைவு. நுனியைத் தேய்த்திருந்தால்தான் பயப்பட வேண்டும். எழுத்தைப் பற்றியும் கவலைப்படாதே. ரெடிச் என்ற ஊரில் பெயரே எழுதாத தடிகளை ஆயிரக்கணக்கில் செய்து கடைகளுக்கு அனுப்பினார்கள். எண் மட்டும் இருந்தால் அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம்.

அந்தச் சின்னக் கட்டுகள் வச்சிரத்தை நம்பாததால் வந்தவை. ஒட்டு விட்டாலும் நூல் பிடித்துக்கொள்ளட்டும் என்று அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டினார்கள். நல்ல பசைகள் வந்த பிறகு அதை விட்டுவிட்டார்கள். அதனால் உன் தடி 1957க்கும் எவ்வளவோ முந்தியது என்றுதான் நினைக்கிறேன். அதிகாரிக்கே அவருடைய தகப்பன் கொடுத்ததாக இருக்கலாம், யார் கண்டது.

திறந்த கோட்டை மூடுவது இப்படித்தான். ஷேவ் எடுக்கும் பிளேடை அந்த இடுக்கில் நுழைக்காமல், மேலே வைத்து மெல்ல அழுத்தி வாயைத் திற. மெதுவாக இறுகும் எப்பொக்சியைப் பிளேட் நுனியால் உள்ளே தள்ளு. முறுக்கி முறுக்கி விட்டால் தானே உறிஞ்சும். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு, பருத்தி நூலால் முதலில் ஒரு பக்கம் சாய்த்தும் பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்தும் இறுக்கிச் சுற்று. ஒரே பக்கம் சுற்றினால் தடி முறுகிய நிலையிலேயே இறுகிவிடும். நேராகத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க விடு.

பைபர் வேலை | சனி, இரவு 8.15

நான் வள்ளம் செய்பவன், பைபர் வள்ளம். பிளேட், நூல் என்று எதற்கு இத்தனை பாடு? கண்ணாடி நார்த் துணியில் மெல்லிய கீலம் ஒன்று வெட்டி, அந்த இரண்டங்குலத்தில் ரெசினோடு ஒரு சுற்றுச் சுற்றினால் ஆனை இழுத்தாலும் விடாது.

தேம்ஸ் கரை | சனி, இரவு 9.20

தம்பி, ஆனை இழுத்தால் அந்த இடம் விடாது. அதற்கு அடுத்த அங்குலம் விடும். வளைகிற தடியில் ஓரிடத்தை மட்டும் விறைக்க வைத்தால், விறைப்பு முடியும் விளிம்பில்தான் முறியும். வள்ளம் வளையக் கூடாது, தடி வளைய வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பைபர் வேலை | சனி, இரவு 9.31

அது நியாயம். சரி, நீங்கள் சொன்ன எப்பொக்சியே இருக்கட்டும். ஆனால் பசையைப் பற்றி நான் சொல்வதையும் கேளுங்கள். வள்ளத்துக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசினைத் தம்பி தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. இறுகினால் நொறுங்கும், மூங்கிலில் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. கடையில் ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பொக்சி என்று ஒன்று தருவார்கள், அதுவும் வேண்டாம். உள்ளே தள்ளி முடிப்பதற்குள் கல்லாகிவிடும். மெதுவாக இறுகுவதை வாங்கிக் கண்ணால் அளக்காமல் டப்பாவில் எழுதிய அளவுப்படி கலக்க வேண்டும். ஒன்று கூடினாலும் பிசுபிசுப்பு போகவே போகாது. கலக்கும்போது அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்குங்கள்.

இப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம், காற்று காய்ந்திருக்கிறது, நல்லது. கார்த்திகை மார்கழி மழையில் இந்த வேலை செய்தால் எப்பொக்சி மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும், அதன் மேல் வார்னிஷ் ஒட்டாது. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாரிக்கு இரண்டு வள்ளத்தின் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்தோம்.

சீனக்குடா காஸ்டர் | சனி, இரவு 10.10

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த பழைய கண்ணாடி நார்த் தடி ஒன்று இருக்கிறது. மேலெல்லாம் நார் கிளம்பிக் கை அரிக்கிறது. அதை எப்படி

நிர்வாகி | சனி, இரவு 10.14

தம்பி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தேய்ப்பதென்றால் ஈரமாக்கித் தேய்க்கவும், முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது. மிச்சம் அங்கே.

உப்புவெளிப் பேரன் | திங்கள், இரவு 8.55

ஒட்டு வேலை முடிந்தது. நூலைப் பிரித்துவிட்டு வளைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை!

இப்போது மூட்டுக் குழாய். உள்ளே போகும் குழாய் மூங்கிலில் ஆடுகிறது. இழுத்தால் வரவில்லை, ஆனால் ஆடுகிறது. என்ன உலோகம் இது? பித்தளை என்றால் மஞ்சளாக இருக்க வேண்டும், இது வெள்ளி நிறம்.

தேம்ஸ் கரை | திங்கள், இரவு 11.40

ஜேர்மன் சில்வர் என்பார்கள். பெயரில்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது, வெள்ளி ஒரு பொட்டும் இல்லை. பச்சைக் களிம்பு அந்தச் செம்பினால் வருவது.

இழுக்க முன் குழாயின் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஊசிமுனை அளவு ஒரு புள்ளி தெரிகிறதா? பெரும்பாலும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒரு சின்ன ஆணி அடித்திருப்பார்கள். அது தெரியாமல் இழுத்து மூங்கிலைப் பிளந்தவர்கள் பலர், முதல் தடியில் நானும். மெல்லிய ஊசியை வைத்துத் தட்டி ஆணியை வெளியே எடு. பிறகு ஸ்பிரிட் விளக்கில் குழாயை மட்டும் காட்டி, சுற்றிக்கொண்டே சூடாக்கு. பழைய பசை சூட்டுக்கு இளகும். துணியால் பிடித்து நேராக இழு. மூங்கிலில் தீ படாமல் பார்த்துக்கொள்.

திரும்ப ஒட்டும்போது எப்பொக்சி போதும். குழாயின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கவே கூடாது. இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று காற்றுப் போகாத அளவுக்குப் பொருந்தக் கடைந்தவை. ஒரு மயிரளவு தேய்ந்தாலும் வீசும்போது ஆடும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

உப்புவெளிப் பேரன் | செவ்வாய், இரவு 7.20

ஆணி இருந்தது! குண்டூசித் தலையில் கால்வாசி. நீங்கள் சொல்லாவிட்டால் மூங்கிலைப் பிளந்திருப்பேன்.

அடுத்தது நூல் கட்டு. பழைய நூல் முழுவதும் இற்றுப்போய்விட்டது. சிவப்புப் பட்டு நூலாக இருந்திருக்கும் போல. தையல் கடையில் சிவப்பு நூல் வாங்கிக் கட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் கழன்றது. கடைசி முடிச்சு எங்கே போடுவது என்றே விளங்கவில்லை.

தையல் அக்கா | செவ்வாய், இரவு 9.00

எனக்குத் தூண்டில் தெரியாது. வீட்டுக்காரர் இந்த இழையைக் காட்டி, நூல் விஷயம் உனக்குத்தானே தெரியும் என்றார். வாசித்தேன். தம்பி, இதில் முடிச்சே கிடையாது.

நூல்கட்டையைக் கையில் பிடிக்காமல் கோப்பைக்குள் போடுங்கள். நூலை ஒரு தடித்த புத்தகத்தின் நடுப்பக்கத்துக்குள்ளால் எடுங்கள். மேலே இன்னொரு புத்தகத்தை வைத்தால் நூல் எப்போதும் ஒரே இறுக்கத்தில் வரும். காட்போட் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் வி வடிவில் வெட்டித் தடியை அதில் வையுங்கள். நூலைச் சுற்றாதீர்கள், தடியை உருட்டுங்கள். கை நோகாது, வரிசையும் கலையாது.

தொடக்கம்: நூல் நுனியைத் தடியின் நீளவாக்கில் கிடத்தி, அதன் மேலாகவே ஆறேழு சுற்று. நுனி மாட்டிக்கொண்டதும் மீதியை வெட்டிவிடலாம். முடிக்க எட்டுச் சுற்று இருக்கும்போது, தனியாக ஒரு நூலை இரண்டாக மடித்து அந்தத் தடத்தில் வையுங்கள், மடிந்த கண் நீங்கள் போகிற பக்கம் பார்க்கட்டும். அதன் மேலே மீதி எட்டையும் சுற்றுங்கள். நூலை வெட்டி, வெட்டிய நுனியை அந்தக் கண்ணுக்குள் விட்டு, மடித்த நூலின் மற்ற நுனிகளைப் பிடித்து இழுத்தால் கண்ணோடு சேர்ந்து நுனியும் சுற்றுகளுக்கு அடியில் புகுந்து வெளியே வரும். ஒட்ட வெட்டிவிடுங்கள். பொத்தான் தைத்து முடிக்கும் நூலை நாங்கள் ஒளிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இடைவெளி தெரிந்தால் கரண்டி முதுகால் தேய்த்தால் சுற்றுகள் நெருங்கும்.

நீங்கள் வாங்கியது பொலியெஸ்டர் நூலாக இருக்கும். பலத்துக்கு அது போதும். பட்டுதான் வேண்டும் என்றால் சேலைக் குஞ்சம் கட்டும் பட்டு நூல் நகைக்கடைத் தெருவில் கிடைக்கும். அதை முதலில் ஒரு குச்சியில் சுற்றி வார்னிஷ் பூசிப் பாருங்கள். எண்ணெய் பட்ட பட்டு நிறம் மாறும்.

தேம்ஸ் கரை | செவ்வாய், இரவு 11.15

அக்காவுக்கு வணக்கம். நான் மூன்று பதிவில் எழுதியிருக்கக் கூடியதை ஒன்றில் முடித்துவிட்டீர்கள். கூட்டிச் சொல்ல இரண்டே விஷயம். வளையத்தின் கால் (தடியில் படியும் பகுதி) நுனியை அரத்தால் சரிவாக்கிக் கொள், இல்லாவிட்டால் நூல் தரையிலிருந்து படியில் ஏறுவது போல அந்த இடத்தில் பிளவுபடும். கட்டு எப்போதும் மூங்கிலில் தொடங்கிக் காலின் மேல் ஏற வேண்டும்.

பட்டு நிறம் பற்றி அக்கா சொன்னது சரி. சிவப்பு, திராட்சை நிறத்துக்கு இருளும். வெள்ளைப் பட்டு வார்னிஷ் பட்டதும் கண்ணாடி போலாகிக் கீழே உள்ள மூங்கில் தெரியும்.

நுனி வளைவைப் பற்றி மறக்க முன் சொல்லிவிடுகிறேன். சூடு காட்டி நிமிர்த்துபவர்கள் இருக்கிறார்கள். வச்சிரம் போட்ட தடியில் நான் செய்ய மாட்டேன், வளைவோடு ஒட்டும் போய்விடும். அதற்குப் பதில் வளையங்களை எதிர்ப் பட்டைக்கு மாற்றிக் கட்டு. இனி மீன் இழுக்கும்போது தடி பழைய வளைவுக்கு எதிர்ப்பக்கம் வளையும். காலப்போக்கில் தானே கொஞ்சம் நிமிரும்.

கிண்ணியா நானா | புதன், காலை 5.50

எல்லாம் சரி. ஸ்போக் என்னானது? தலைப்பே அதுதான்.

சீனக்குடா காஸ்டர் | புதன், காலை 8.05

நானா, உணர்ச்சி வேறு, மீன் வேறு. இரும்புக் கம்பி, உப்புக் காற்று, துரு. துருவில் தங்கூசி உரசினால் நல்ல மீன் போட்ட அன்றுதான் அறும். பஞ்சை வளையத்துக்குள்ளால் இழுத்துப் பாருங்கள். ஒரு இழை மாட்டினாலும் கழற்றத்தான் வேண்டும்.

தேம்ஸ் கரை | புதன், காலை 11.30

பஞ்சுச் சோதனையை மற்ற வளையங்களுக்கும் செய். முக்கியமாக நுனி வளையத்துக்கும் கைப்பக்கம் முதல் வளையத்துக்கும். அவற்றின் உள்ளே பழுப்பாகத் தெரிவது அகேற் கல். கல்லில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பஞ்சுக்குத் தெரியும்.

ஸ்போக் வளையத்தைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டியில் போட்டுத் தடியோடு வைத்துக்கொள் என்பது என் கட்சி. எறிய வேண்டாம், மீன்பிடிக்கவும் வேண்டாம்.

உப்புவெளிப் பேரன் | ஞாயிறு, இரவு 9.30

இந்த வளையத்தால் வீட்டில் பெரிய கூத்து நடந்துவிட்டது.

பஞ்சு மாட்டியது. சரி, கழற்றலாம் என்று முடிவெடுத்து, முன்னதாக மாமியிடம் (அப்பாவின் அக்கா, வயது 79) போன் எடுத்து, அப்பப்பா இதை எப்போது செய்தார் என்று கேட்டேன். மாமி சிரித்த சிரிப்பில் போன் விழுந்திருக்கும். செய்தது அப்பப்பா இல்லையாம், அப்பா! பன்னிரண்டு வயதில் களவாகத் தடியை எடுத்துக்கொண்டு டச்பே கடற்கரைக்குப் போய், பாறையில் வழுக்கி வளையத்தை மிதித்து நசுக்கிவிட்டாராம். அடிக்குப் பயந்து அப்பப்பாவின் சைக்கிள் பின் சில்லிலிருந்தே ஒரு ஸ்போக்கைக் கழற்றி இதைச் செய்து கட்டி வைத்தாராம். தடியை அப்பப்பா கவனித்தாரா என்று யாருக்கும் தெரியாது. சைக்கிள் சில்லு கோணலாக ஓடியதை மட்டும் கவனித்து, திருத்துகிற கடைக்காரனைப் பிடித்துப் பேசினாராம்.

மாமி அடுத்த போனை அப்பாவுக்கு எடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அப்பா என் அறை வாசலில். ரகசியம் போனது. தடியைக் கையில் வாங்கினார், ஒன்றும் பேசவில்லை, நேரே அந்த வளையத்தைத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது சரியில்லை. வட்டம் வரவில்லை. அன்றைக்கு அவசரத்தில் செய்தது. கழற்று."

நானா மன்னிக்க வேண்டும். அப்பாவே கழற்றிவிட்டார். அடுத்த நாள் சைக்கிள் கடையில் துருப்பிடிக்காத ஸ்போக் இரண்டு வாங்கி வந்து, போல்ட் ஒன்றின் மேல் வளைத்து, நாள் முழுக்க அரம் போட்டு, மெட்டல் பொலிஷ் போட்டு, மூன்று வளையம் செய்தார். காணாமல் போன இரண்டுக்கும் சேர்த்து. பஞ்சு மாட்டவில்லை. அக்கா சொன்னபடி நானும் அப்பாவும் மாறி மாறிக் கட்டினோம். அவர் கட்டு என் கட்டை விட நேர்த்தி, 74 வயதுக் கை.

பழைய வளையம் மேசை லாச்சியில் இருக்கிறது.

கிண்ணியா நானா | ஞாயிறு, இரவு 9.52

வேலை தெரிந்த ஆள் என்று நான் முதல் நாளே சொன்னேன்தானே!

பைபர் வேலை | திங்கள், காலை 7.10

வார்னிஷ் போட முன் சொல்கிறேன். வள்ளங்களுக்கும் கப்பல் மரத்துக்கும் பூசும் மெரைன் வார்னிஷ் வாங்குங்கள். மேசை கதிரைக்குப் பூசுவது வளைந்தால் வெடிக்கும். இந்தக் கச்சானில் வார்னிஷ் நன்றாகக் காயும், ஆனால் தூசி அள்ளிக்கொண்டு வந்து ஒட்டும். முற்றத்தில் செய்ய வேண்டாம். குளியலறைதான் நல்ல இடம். தரையில் தண்ணீர் தெளித்து, தூசி படிந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பூசுங்கள். தூரிகை கூட வேண்டாம், கட்டுகளின் மேல் விரலால் மெல்லப் பூசினால் குமிழி வராது. ஒரு நாள் விட்டு அடுத்த கை. மூன்று கை போதும். கூட்டினால் தடி பாரமாகும்.

உப்புவெளிப் பேரன் | மறு வாரம் வியாழன், இரவு 8.40

மூன்று கை பூசியாகிவிட்டது. குளியலறையை நான்கு நாள் பூட்டி வைத்ததில் வீட்டில் எனக்கு மரியாதை குறைந்திருக்கிறது.

கைப்பிடித் தக்கையைச் சவர்க்காரமும் பழைய பல்தூரிகையும் போட்டுக் கழுவினேன், கறுப்பெல்லாம் போனது. ஓட்டைகளுக்குப் போத்தல் தக்கை ஒன்றை உரசித் தூளாக்கி, மரப்பசையில் குழைத்து அடைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

றீல் இல்லை. இப்போதுள்ள சின்ன ஸ்பின்னிங் றீலும் பின்னல் நூலும் போடலாமா?

தேம்ஸ் கரை | வியாழன், இரவு 11.20

றீல் பாரமில்லாத எதையும் போடு. பின்னல் நூல் மட்டும் வேண்டாம். அது இழுபடாது, மீன் அடிக்கும் அடி முழுவதும் மூங்கிலுக்கும் பழைய ஒட்டுக்கும் போய்ச் சேரும். வளையத்திலும் வாள் போல வெட்டும். பத்து இறாத்தல் தங்கூசி போதும், அது கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். பெரிய பாரைக்கும் கட்டாவுக்கும் ஆசைப்பட்டு வெளியே போகாதே. விளை, ஒட்டி, சின்னச் செப்பலி, அவ்வளவுதான் இந்தத் தடிக்கு.

உப்புவெளிப் பேரன் | ஞாயிறு, காலை 10.25

அவசரம்! காலையில் அப்பாவும் நானும் உட்துறைமுகப் பக்கம் போனோம். இறால் போட்டு விளை மீன் மூன்று, உள்ளங்கை அளவு. மூன்றும் அப்பாவுக்குத்தான் பட்டன. எனக்கு ஒரு நண்டு, அதுவும் பாதியில் விட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து தடியைக் கழற்றப் பார்த்தால் மூட்டு வரவில்லை. நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் இழுத்தும் அசையவில்லை. முறுக்கிக் கழற்றலாமா? ஒன்பது அடித் தடி வாசலிலிருந்து குசினி வரை கிடக்கிறது, அம்மா தாண்டித் தாண்டிப் போகிறார்.

தேம்ஸ் கரை | ஞாயிறு, காலை 10.31

முறுக்காதே! முறுக்கினால் குழாய் நின்றுகொள்ளும், மூங்கில் பிளக்கும். நல்ல வேளை, இங்கே விடியப் போகிறது, தூக்கமும் வரவில்லை.

மீன் பெட்டியில் ஐஸ் மிச்சம் இருக்கிறதா? உள்ளே போகும் குழாயின் வெளியே தெரிகிற பகுதியில் மட்டும் ஐஸை ஒரு துணியில் வைத்துப் பிடி. வெளிக்குழாயை இன்னொருவர் உள்ளங்கையால் பொத்தி வைத்திருக்கட்டும். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும். ஐந்து நிமிடம். பிறகு நீ மட்டும் கொஞ்சம் குந்தித் தடியைக் குறுக்கே முழங்காலுக்குப் பின்னால் வைத்து, மூட்டுக்கு இரண்டு பக்கமும் கைகளால் பிடித்து, கைகளை இறுக்கி வைத்துக்கொண்டு முழங்கால்களை வெளியே விரி. கை இழுக்கக் கூடாது, கால்தான் தள்ள வேண்டும். நேராக வரும்.

உப்புவெளிப் பேரன் | ஞாயிறு, காலை 10.58

வந்தது! போத்தல் திறந்த மாதிரிச் சத்தம். உள்ளே இரண்டு மூன்று மணல். பொருத்த முன் துடைக்காதது என் பிழை. அப்பா இப்போதே துணி ஒன்றை வெட்டித் தடியோடு கட்டி வைத்துவிட்டார்.

நானா, அடுத்த ஞாயிறு கிண்ணியாப் பாலத்துப் பக்கம் வரலாம் என்று அப்பா சொல்கிறார். உயிர் இறால் அங்கே எத்தனை மணிக்குக் கிடைக்கும்?

கிண்ணியா நானா | ஞாயிறு, காலை 11.15

சுபஹு தொழுகை முடிந்த கையோடு வாருங்கள். ஆறரை தாண்டினால் இறால் முடிந்துவிடும். தடியை பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம், ஓட்டோ பிடியுங்கள்.